பொருளியல் முடித்தேன்: கம்பஸில் தற்காலிக விரிவுரையா, புரொஜெக்ட் வேலையா? சர்வதேச ஆலோசனைப் பக்கம் போக எது வழி?

செங்கலடிப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். வந்தாறுமூலைக் கம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகம்) பொருளியல் சிறப்புக் கற்கை முடித்துவிட்டேன், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. இரண்டு வேலை ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது, இந்தக் கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஒன்று, கம்பஸில் தற்காலிக உதவி விரிவுரையாளர். ஒரு வருட ஒப்பந்தம், சம்பளம் குறைவு, பிறகு நீடிப்பார்களா என்று தெரியாது. மற்றது, படுவான்கரையில் வாழ்வாதாரத் திட்டம் செய்கிற ஒரு நிறுவனத்தில் கண்காணிப்பு உத்தியோகத்தர். சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, மோட்டார் சைக்கிளும் தருகிறார்கள். வீடு வீடாகப் போய்த் தரவு எடுத்து வெளிநாட்டு ஆலோசகர் ஒருவருக்கு அனுப்புவதுதான் வேலை.

என் ஆசையை மறைக்காமல் சொல்கிறேன். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்களில், கடன் விடயத்தில் ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்ல மூன்று பேரை நியமித்தார்கள்: இந்திரஜித் குமாரசுவாமி, சாந்த தேவராஜன், ஷர்மினி கூரே. யார் இவர்கள் என்று பெற்றோல் வரிசையில் அண்ணாவோடு நின்றபடி போனில் தேடித் தேடி வாசித்தேன். தேவராஜன் பிரின்ஸ்டனில் கணிதம் படித்து, பெர்க்லியில் பொருளியலில் கலாநிதிப் பட்டம் எடுத்து, ஹார்வர்டில் படிப்பித்துவிட்டு 1991இல் உலக வங்கிக்குப் போயிருக்கிறார். அங்கே தெற்காசியா, ஆபிரிக்கா, மத்திய கிழக்கு என்று பிராந்தியம் பிராந்தியமாகத் தலைமைப் பொருளியலாளர். அதன் பிறகு ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் திரும்பவும் வகுப்பறை. அரசுகளுக்கு ஆலோசனை சொல்வதும் படிப்பிப்பதும் சேர்ந்த அப்படி ஒரு வாழ்க்கைதான் எனக்கு வேண்டும்.

ஆனால் நான் உயர்தரம் வர்த்தகப் பிரிவு, தமிழ் மூலம். இணைந்த கணிதம் படிக்கவில்லை. ஆங்கிலம் வாசிப்பேன், எழுதும்போது தடுமாறுகிறேன். மாமா ஆசிரியர் நியமனம் வரும்வரை பொறு என்கிறார். அப்பா கேட்பது வேறு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது எங்கள் வயல் வட்டையில் பெரும்போக விளைச்சல் எப்படி விழுந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "ஆலோசகர்மார் வருகினம் போகினம், எங்களுக்கு என்ன கிடைச்சது? நீயும் அப்படி ஒரு ஆளாகவா வரப்போறாய்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எந்த வேலையை எடுக்கலாம், கணிதம் எவ்வளவு வேண்டும், இந்த வேலையால் உண்மையாகவே யாருக்கும் நன்மை உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கல்லடிப் பாலம்:

தங்கச்சி, புரொஜெக்டை எடுங்கள். நான் சுனாமிக்குப் பிறகு வந்த திட்டங்களிலிருந்து இன்றுவரை இந்தத் துறையில்தான் இருக்கிறேன்.

மாஸ்டர்ஸுக்கு வெளியே போக வேண்டுமென்றால் முதலில் காசு வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், கொழும்புக்குப் போய் வருகிற செலவு, எல்லாம் கையிலிருந்துதான். புலமைப்பரிசிலுக்கும் வேலை அனுபவம் கேட்பார்கள், பிரித்தானிய அரசின் செவனிங் என்றால் 2,800 மணித்தியாலம் காட்ட வேண்டும், முழுநேர வேலையில் அது இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். விரிவுரையும் கணக்கில் சேரும்தான், ஆனால் ஒரு வருடத்தோடு ஒப்பந்தம் நின்றால் என்ன செய்வீர்கள்?

மற்றது, வெளிநாட்டு ஆலோசகர்களோடு நேரே வேலை செய்தால் அவர்கள் எப்படி எழுதுகிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்று பழகலாம். பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். கம்பஸில் அந்தத் தொடர்பு குறைவு. குடும்ப நிலையையும் பாருங்கள், அப்பா வேளாண்மை என்றால் ஒரு போகம் பிழைத்தாலே வீட்டுக்கு உங்கள் சம்பளம்தான்.


ஒலுவில் கரை:

மகள், நான் மற்றப் பக்கம் நிற்கிறேன். கம்பஸை எடுங்கள். கல்லடித் தம்பி சொன்ன காசுக் கணக்கில் பிழையில்லை, ஆனால் அது அடுத்த இரண்டு வருடத்துக்கான கணக்கு, நீங்கள் கேட்டிருப்பது முப்பது வருடத்துக்கு.

இந்தக் கரையில் நீண்ட காலமாகப் பொருளியல் படிப்பிக்கிறேன். நல்ல பிள்ளைகள் பலர் புரொஜெக்ட் பக்கம் போய், ஒன்று முடிய இன்னொன்று என்று மாறி மாறி, பத்து வருடம் கழித்தும் தரவு எடுத்து அனுப்புகிற இடத்திலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் திறமை இருந்தது. அந்த வேலை அவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, அதுதான் காரணம். தரவை யார் பகுத்தாராய்கிறாரோ அவர்தான் ஆலோசகர் ஆகிறார், எடுத்தவர் ஆவதில்லை.

நீங்கள் பெயர் சொன்ன ஆட்களின் வழியைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். குமாரசுவாமி 1974இல் மத்திய வங்கியில் சேர்ந்தவர், எண்பதுகளில் நிதி, திட்டமிடல் அமைச்சில் இருந்தார், 1990இல்தான் லண்டனில் பொதுநலவாயச் செயலகத்துக்குப் போனார், அங்கே 2008 வரை. 2016இல் மத்திய வங்கி ஆளுநர். சர்வதேச வேலைக்கு முன்னால் பதினைந்து வருடம் இலங்கையின் பணமும் வரவுசெலவுத் திட்டமும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

அவருக்கு முந்திய தலைமுறையில் காமனி கொரியா. கேம்பிரிட்ஜிலும் ஒக்ஸ்போர்டிலும் படித்துவிட்டு வந்து ஐம்பதுகளில் திட்டமிடல் செயலகத்தில் இருந்தவர், 1965 முதல் 1970 வரை திட்டமிடல் அமைச்சின் நிரந்தரச் செயலாளர். தேயிலையின் விலை லண்டனில் விழுந்தால் கொழும்பில் வரவுசெலவுத் திட்டம் எப்படி ஆட்டம் காணும் என்பதை மேசையில் இருந்து பார்த்தவர். 1974இல் ஐ.நா.வின் வர்த்தக அபிவிருத்தி மாநாடான அங்டாட்டுக்குச் செயலாளர் நாயகமாகப் போனபோது அவர் கொண்டுபோனது அந்த அனுபவத்தைத்தான். தேயிலை, இறப்பர், கோப்பி, செம்பு மாதிரிப் பொருட்களின் விலை தாறுமாறாக ஏறி இறங்காமல் இருக்க, நாடுகள் சேர்ந்து கையிருப்பு வைத்து, அதற்கு ஒரு பொது நிதியம் அமைக்க வேண்டும் என்பது திட்டம். 1976இல் நைரோபி மாநாட்டில் தீர்மானம், 1980இல் உடன்படிக்கை, அது நடைமுறைக்கு வந்தது 1989இல். அதற்குள் அவர் பதவியை விட்டு ஐந்து வருடம் ஆகிவிட்டது. நிதியம் இன்றும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது, ஆனால் அவர் நினைத்த அளவில் விலையைத் தாங்குகிற கையிருப்பு ஒருநாளும் நடக்கவில்லை. இந்தத் தொழிலில் அதிகம் நடப்பது இதுதான் மகள். நல்ல யோசனை, பத்து வருட உழைப்பு, கடைசியில் கையில் வருவது அதில் ஒரு துண்டு. அதைப் பொறுத்துக்கொண்டு அடுத்த வேலையைத் தொடங்குகிற மனம் இல்லாதவர்களுக்கு இது சரிவராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐம்பதுகளின் கடைசியில் இலங்கைக்கு உலகின் பெரிய பொருளியலாளர்கள் வரிசையாக வந்தார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து ஜோன் ரொபின்சன், நிக்கலஸ் கால்டர். கால்டர் சொன்னது: வருமானத்துக்கு வரி போடுவதோடு நிற்காமல், ஆட்கள் செலவழிக்கிற தொகைக்கு வரி போடுங்கள், சேமிப்பு வளரும், பணக்காரர் தப்ப முடியாது. புத்தகத்தில் அது அழகான யோசனை. இந்தியாவும் போட்டது, இங்கேயும் 1959இல் வந்தது, இரண்டு இடத்திலும் நிலைக்கவில்லை. ஒரு ஆள் வருடத்தில் எவ்வளவு செலவழித்தார் என்று வரித் திணைக்களம் கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்கு ஆளும் இல்லை, பதிவும் இல்லை. கால்டர் மாதிரி ஒரு மூளைக்கே இது நடந்தது. இறைவரி அலுவலகத்தில் ஒரு எழுதுவினைஞரோடு அரை மணித்தியாலம் கதைத்திருந்தால் தெரிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

1971இல் வந்த டட்லி சீயர்ஸ் குழு வேறு மாதிரி. அந்த வருட இளைஞர் கிளர்ச்சியை ஒட்டிய காலம், சர்வதேச தொழில் ஸ்தாபனம் அனுப்பிய குழு. வேலை இல்லை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. படித்த பிள்ளைகள் எதிர்பார்க்கிற வேலை ஒரு பக்கம், நாட்டில் இருக்கிற வேலை இன்னொரு பக்கம், பள்ளிக்கூடம் அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது என்று எழுதினார்கள். அரை நூற்றாண்டு கழித்து உங்கள் மாமா "நியமனம் வரும்வரை பொறு" என்று சொல்லும்போதும் அந்த அறிக்கை பேசுகிறது. சீயர்ஸ் அப்போது சசெக்ஸில் அபிவிருத்திக் கற்கைகள் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தவர். அங்கே படிக்க வந்த பல நாட்டு மாணவர்களோடு நாள்தோறும் வாதாடியவருக்கு இன்னொரு நாட்டுப் பிள்ளையின் எதிர்பார்ப்பு என்னவென்று கேட்கத் தெரிந்திருந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

இதனால்தான் கம்பஸ் என்கிறேன். பின்வரிசையில் இருக்கிற பிள்ளை "மிஸ், இது எங்கட ஊரில எப்படி நடக்கும்?" என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அமைச்சரின் மேசையிலும் அதே கேள்விதான் வரும்.

அப்பாவுக்கும் ஒரு பதில் இருக்கிறது. பசளையை நிறுத்தியபோது விளைச்சல் எவ்வளவு விழும் என்று இந்த நாட்டு விவசாயப் பொருளியலாளர்கள் முன்கூட்டியே எழுத்தில் எச்சரித்தார்கள். கேட்கப்படவில்லை. 2021 நவம்பரில் முடிவை மாற்றியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. ஆலோசகர் வந்ததால் நடந்த அழிவு அல்ல அது, இருந்தவர்களின் பேச்சைக் கேட்காததால் நடந்தது.


வாழைச்சேனை அக்கா:

நான் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். சேர் சொன்ன வரலாறு எனக்குத் தெரியாது, ஆனால் ஆலோசகர்கள் எழுதுவது கடைசியில் வந்து இறங்குகிற மேசை என்னுடையது, அதனால் எழுதுகிறேன்.

2023இல் வறிய குடும்பங்களுக்கான சமுர்த்திக் கொடுப்பனவை மாற்றி அஸ்வெசும என்ற புதிய திட்டம் வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகள் வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளி போட்டுத் தெரிவு. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று எனக்கு விளங்குகிறது. முந்தி யாருக்கு யாரைத் தெரியும் என்பதை வைத்துப் பட்டியல் போன காலம் இருந்தது, அதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் பட்டியல் ஒட்டிய அன்று வாசலில் நின்ற ஆட்களுக்கு என்ன சொல்வது? புருஷன் இல்லாத, கூலி வேலை செய்கிற ஒரு பிள்ளை வந்து கேட்கிறாள், பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கிறது, எனக்கு ஏன் இல்லை என்று. அவளுடைய புள்ளி எப்படி வந்தது என்று எனக்கே சொல்லித் தரப்படவில்லை. கணினி சொன்னது, மேன்முறையீடு செய்யுங்கள் என்று படிவத்தைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

தங்கச்சி தேவராஜன் பெயரை எழுதியதைப் பார்த்துவிட்டு அவருடைய குழு எழுதிய, உலக வங்கியின் 2004ஆம் ஆண்டுக்கான உலக அபிவிருத்தி அறிக்கையின் சுருக்கத்தை இரவு வாசித்தேன். பாடசாலை, வைத்தியம், தண்ணீர் எல்லாம் ஏழைகளுக்கு ஏன் ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை என்பதுதான் அதன் கேள்வி. காசு ஒதுக்கினால் மட்டும் போதாது, சேவை கொடுக்கிறவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம் என்கிறது. சனங்கள் அரசியல்வாதியிடம் சொல்லி, அவர் அதிகாரியிடம் சொல்லி வருவது நீண்ட பாதை, சேவை கொடுக்கிறவரிடமே சனங்கள் நேரே கேட்கக்கூடியது குறுகிய பாதை. என் ஒபிஸ் வாசலை ஒருவர் வோஷிங்டனில் இருந்து எழுதி வைத்திருக்கிறார் என்றுதான் பட்டது. ஆக, நன்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியது எங்கள் மொழியில் எங்களிடம் வந்து சேர்வதில்லை, அதுதான் குறை.

நுண்கடனையும் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன், கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் ஆள் என்று பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டேன். 2018இல் அரசு வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, கட்ட முடியாமல் நின்ற பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பின்னால் பெண்கள் சங்கங்களின் போராட்டமும் இருந்தது, கணக்கு எடுத்து எழுதிய ஆட்களும் இருந்தார்கள். வெறும் கண்ணீர்க் கதையாக இருந்திருந்தால் கொழும்பில் கேட்டிருக்க மாட்டார்கள்.

எந்த வேலை என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த நிறுவனத்திடம் இரண்டு விடயம் கேளுங்கள். நான் எடுக்கிற தரவைப் பகுத்தாராய எனக்கும் தருவீர்களா? அறிக்கையில் என் பெயர் வருமா? இரண்டுக்கும் ஓம் என்றால் யோசிக்கலாம்.


செங்கலடிப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அக்கா சொன்ன இரண்டு கேள்வியையும் இன்று காலை போன் பண்ணிக் கேட்டேன். தரவு முழுவதும் தலைமை அலுவலகத்துக்குச் சொந்தம், அறிக்கை ஆலோசகரின் பெயரில் வரும் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

சேர், எனக்கு இன்னும் பயமாக இருப்பது கணிதம்தான். நான் படித்தது வர்த்தகப் புள்ளிவிபரமும் கம்பஸில் இரண்டு பாடமும். எங்கே இருந்து தொடங்குவது? தற்காலிக விரிவுரையாளராக இருந்தால் மேற்படிப்புக்கு லீவும் சம்பளமும் கிடைக்குமா?


ஒலுவில் கரை:

கிடைக்காது. மேற்படிப்புக்குச் சம்பளத்தோடு லீவு என்பது நிரந்தர ஆளணியில் எடுக்கப்பட்டவர்களுக்கு, அதுவும் திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று பிணை எழுதிக் கொடுத்த பிறகு. தற்காலிக நியமனத்தில் அது இல்லை. தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும், மற்றக் கம்பஸ்களின் விளம்பரத்தையும் பாருங்கள். இதைத் தெரிந்துகொண்டே கம்பஸை எடுங்கள் என்கிறேன்.

கணிதம் எங்கே போக வேண்டும் என்பதைப் பொறுத்தது. அபிவிருத்திக் கற்கைகளில் மாஸ்டர்ஸ் என்றால் இப்போது இருப்பதோடு இன்னும் கொஞ்சம் போதும். பொருளியல் மாஸ்டர்ஸ் என்றால் பல மாறிகள் உள்ள நுண்கணிதம், தாயங்கள் (மேட்ரிக்ஸ்), நிகழ்தகவு மூன்றும் கை பழகியிருக்க வேண்டும். சர்வதேச நாணய நிதியத்தின் பொருளியலாளர் நிகழ்ச்சியில் பெரும்பாலும் கலாநிதிப் பட்டத்தோடு வருகிறவர்களைத்தான் எடுக்கிறார்கள், அந்த வழி என்றால் மெய்ப் பகுப்பாய்வும் (real analysis) வேண்டும், நிறுவல் எழுதப் பழக வேண்டும். உலக வங்கியின் இளம் வல்லுநர் நிகழ்ச்சிக்கு மாஸ்டர்ஸோடு போகலாம், ஆனால் வயதெல்லை இருக்கிறது.

ஒழுங்கைப் பிடிக்க வேண்டாம், தாயத்தில் தொடங்குங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கில்பேர்ட் ஸ்ட்ராங் படிப்பித்த விரிவுரைகள் இணையத்தில் இலவசம், இங்கிலீஷ் மெதுவாக, தெளிவாக இருக்கும். ஒரு விரிவுரை கேட்டுவிட்டு அன்றே கணக்குச் செய்யாவிட்டால் பயனில்லை. அதன் பிறகு அதே எம்.ஐ.டி.யின் இணையவழிக் கற்கை ஒன்று, தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்பு பற்றியது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதில் படிப்பிக்கிறார்கள். 2019இல் மைக்கல் கிரேமரோடு சேர்த்து நோபல் பரிசு வாங்கியவர்கள். கட்டணம் உங்கள் வருமானத்தைப் பார்த்துக் குறையும். அதை நன்றாக முடித்தவர்கள் எம்.ஐ.டி.யின் மாஸ்டர்ஸுக்கே விண்ணப்பிக்கலாம். ஏறாவூரிலோ செங்கலடியிலோ இருந்துகொண்டு இதைவிட நேரான கதவு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வாழைச்சேனைப் பிள்ளை நுண்கடன் பற்றி எழுதியதற்கும் இதில் தொடர்பு உண்டு. பொஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிக்கோ, மொங்கோலியா, மொரோக்கோ என்று ஆறு நாடுகளில் எழுமாற்று முறையில், சீட்டுக் குலுக்கியது மாதிரித் தெரிவு செய்து, நுண்கடனைச் சோதித்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன, பானர்ஜி குழுவின் இந்திய ஆய்வும் அதில் ஒன்று. கடன் கிடைத்ததால் சிலருக்குத் தொழில் கொஞ்சம் பெருத்தது, ஆனால் வறுமையிலிருந்து தூக்கிவிடுகிற மாற்றம் எங்கேயும் தெரியவில்லை. கடன் கொடுத்தாலே பெண்கள் எழும்பிவிடுவார்கள் என்று எங்கள் மாவட்டங்களுக்கு வந்து சொன்னவர்களுக்கு முன்னால் இந்த முடிவை வைக்கத் தெரிந்த ஒரு ஆள் இங்கே வேண்டும். அந்த ஆய்வுகளை வாசிக்கிற அளவுக்குக் கணிதம் உங்களுக்கு இருந்தால் போதும், பயப்பட வேண்டாம்.


அக்கரைப்பற்று நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் அக்கரைப்பற்று, தமிழ் மூலம்தான், இப்போது ஆபிரிக்காவில் ஒரு நாட்டின் நிதி அமைச்சில் ஒப்பந்தத்தில் இருக்கிறேன். வெளியில் இருந்து பார்க்க இந்த வேலை எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும், உள்ளே எப்படி என்று சொல்லிவிடுகிறேன் தங்கச்சி.

பெரும்பாலான நாள் எக்செல் தான். அடுத்த வருடச் சம்பளச் செலவு எவ்வளவு, எரிபொருள் மானியத்தைக் குறைத்தால் பஸ் கட்டணம் என்ன ஆகும், வரி வருமானம் ஏன் எதிர்பார்த்ததில் குறைந்தது. நாணய நிதியக் குழு வருகிறதென்றால் அந்த இரண்டு கிழமையும் தூக்கமில்லை, அவர்களின் எண்ணுக்கும் எங்கள் எண்ணுக்கும் இடையில் ஏன் வித்தியாசம் என்று ஒவ்வொரு வரியாக நிற்க வேண்டும். இலங்கைக்கு 2023 மார்ச்சில் ஏறக்குறைய 300 கோடி டொலர் திட்டம் அனுமதிக்கப்பட்டபோது கொழும்பிலும் இப்படித்தான் பலர் இரவிரவாக இருந்திருப்பார்கள், பேப்பரில் பெயர் வருவது இரண்டு மூன்று பேருக்குத்தான். அமைச்சருக்குப் போகிற குறிப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. ஆறு மாத வேலையை இரண்டு பக்கத்தில், பொருளியல் படிக்காத ஒருவருக்கு விளங்க எழுதுவதுதான் எனக்கு இன்றுவரை பெரிய பாடு, இங்கிலீஷ் இலக்கணம் அதற்குப் பிறகுதான். அதனால் எழுதத் தடுமாறுகிறேன் என்று சோர வேண்டாம். இப்போதிருந்தே கிழமைக்கு ஒரு பக்கம் எழுதி, யாரிடமாவது கொடுத்துச் சிவப்புப் பேனையால் வெட்டச் சொல்லுங்கள்.

நான் போன வழி: புலமைப்பரிசிலில் மாஸ்டர்ஸ், அதன் பிறகு லண்டனில் இருக்கிற ஓ.டி.ஐ. என்ற அபிவிருத்தி ஆய்வு நிறுவனத்தின் பெலோஷிப். 1963இல் தொடங்கிய ஒன்று, பட்டப்பின் படிப்பு முடித்த பொருளியலாளர்களை இரண்டு வருடத்துக்கு வளர்முக நாடு ஒன்றின் அரசுக்குள் அந்த நாட்டு உத்தியோகத்தர் மாதிரியே வேலைக்கு வைப்பார்கள், எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆள் எடுக்கிறார்களா என்று அவர்களின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வந்து அறிக்கை எழுதிவிட்டுப் போவதற்கும், அமைச்சின் கன்டீனில் அவர்களோடு சாப்பிட்டு அவர்களின் கோப்பைத் தூக்குவதற்கும் நிறைய வித்தியாசம், உங்கள் வாப்பா கேட்ட கேள்விக்கும் அதில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முடியும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். உம்மா வருத்தமாக இருந்தபோது நான் வந்து சேர மூன்று விமானம் மாற வேண்டியிருந்தது. பெண் பிள்ளைக்கு வீட்டில் இன்னும் கூடக் கேள்வி வரும், அதை முதலிலேயே கதைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பிக்கிற விடயத்தில் ஒலுவில் சேர் சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். இங்கே அமைச்சில் சேருகிற இளம் உத்தியோகத்தர்களுக்கு வேலை முடிந்து பின்னேரத்தில் வகுப்பு எடுக்கிறேன், யாரும் சொல்லி அல்ல. என் ஒப்பந்தம் முடிந்த பிறகு அந்த எக்செல் கோப்பைத் திறந்து நடத்துகிற ஆட்கள் அவர்கள்தான்.


கல்லடிப் பாலம்:

நானா எழுதியதை வாசித்த பிறகும் காசு விடயத்தில் நான் சொன்னதை மாற்ற மாட்டேன், வீட்டுக்குச் சம்பளம் தேவை என்றால் அது தேவைதான். ஆனால் தரவைத் தர மாட்டோம் என்று அந்த நிறுவனம் சொல்லியிருந்தால் சரி, கம்பஸே எடுங்கள். விடுமுறை நாளில் தரவுப் பதிவு, மொழிபெயர்ப்பு மாதிரிச் சிறு வேலைகள் இந்தப் பக்கம் வந்துகொண்டே இருக்கும், தெரிந்தால் சொல்கிறேன்.


செங்கலடிப் பிள்ளை:

கம்பஸுக்கு நாளை கடிதம் கொடுக்கிறேன். அப்பாவுக்குப் பசளை விடயத்தில் சேர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "எழுதினவங்கள் ஏன் எங்களிட்ட வந்து சொல்லல்ல?" என்று திருப்பிக் கேட்டார். அதை நான் வைத்திருக்கிறேன்.

ஸ்ட்ராங்கின் முதல் இரண்டு விரிவுரை கேட்டேன், இரண்டாவதில் நீக்கல் முறை வருகிற இடத்தில் நின்றுவிட்டேன். மட்டக்களப்பில் யாராவது இதைச் சேர்ந்து செய்கிறீர்களா? தனியே என்றால் விட்டுவிடுவேன் என்று தெரிகிறது.


வாழைச்சேனை அக்கா:

என் தம்பி கல்லடியில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறான், சனிக்கிழமை பின்னேரம் அவனுக்கு வகுப்பு இல்லை. கேட்டேன், ஓம் என்கிறான், அவனுக்கும் புள்ளிவிபரம் படிக்க விருப்பமாம். நானும் வருகிறேன், அந்த 22 குறிகாட்டிக்கு நிறை எப்படிப் போடுகிறார்கள் என்று எனக்கு விளங்க வேண்டும். உள்பெட்டியில் இலக்கத்தை அனுப்புங்கள் தங்கச்சி, நிறுத்திய இடத்தையும் எழுதிவிடுங்கள், அவன் பார்த்துக்கொண்டு வருவான்.